குதிரையின் வெள்ளணுக்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்டுப் படமெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது. எடை குறைகிறது. இரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணு வகையும், அழற்சியில் கூடும் ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதமும் உயர்ந்திருக்கின்றன. உடலுக்குள் எங்கோ சீழ் இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டாலும், அது எங்கே என்பது மட்டும் பிடிபடவில்லை. குதிரை மருத்துவத்தில் இந்த நிலை அடிக்கடி வரும். வளர்ந்த குதிரையின் வயிற்றில் பெரும்பகுதியை வாயு நிரம்பிய பெருங்குடல் அடைத்துக்கொண்டிருப்பதால், அல்ட்ராசவுண்ட் அலைகள் அந்த வாயுவைத் தாண்டி ஆழத்தைக் காட்டுவதில்லை. அதன் வயிற்றுப் பகுதி வழக்கமான சிடி ஸ்கேன் கருவியின் வளையத்துக்குள் நுழைவதும் இல்லை. இத்தகைய தருணங்களில், சீழைத் தேடிச் செல்லும் குணம் இயல்பாகவே அமைந்த நியூட்ரோபில்களை அதே குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, அவற்றுக்குள் கதிரியக்கப் பொருளை ஏற்றி, மீண்டும் அதே குதிரைக்குச் செலுத்தி, அவை எங்கே சென்று குவிகின்றன என்பதை, உடலிலிருந்து வெளிவரும் காமா கதிர்களைப் படமாக்கும் காமா கேமராவால் படமெடுக்கலாம்.

மனிதரில் இம்முறை 1970-களின் நடுப்பகுதியில் இண்டியம்-111 ஆக்சின் என்ற கதிரியக்கச் சேர்மம் கொண்டு தொடங்கியது. 1986-இல் டெக்னீசியம்-99எம் எச்எம்பிஏஓ என்ற மற்றொரு கதிரியக்கச் சேர்மத்தால் வெள்ளணுக்களை அடையாளமிட்ட மருத்துவ அனுபவம் வெளியானது. குதிரைகளில் இதே சேர்மம் 1990-களில் பிரிட்டனில் சோதிக்கப்பட்டது. இந்த வழிகாட்டி எச்எம்பிஏஓ முறையை மட்டுமே விளக்குகிறது. இண்டியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 2.8 நாள் என்பதால் குதிரையைப் பல நாள்கள் தனி லாயத்தில் அடைத்துவைக்க நேரும். டெக்னீசியத்துக்கோ அது 6 மணி நேரமே. டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிர் கேமராவுக்கும் மிகவும் ஏற்றது. இண்டியம் குடலுக்குள் கழிவாக இறங்குவதில்லை என்பது ஒன்றே அதன் பெரிய சாதகம். குடல் நோயைத் தேடும்போது அது சிறிய சாதகம் அல்ல என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் குதிரை மருத்துவமனையின் நடைமுறைக்கு டெக்னீசியமே ஒத்துவரும் என்பது என் கணிப்பு.

மனித மருத்துவமனையின் செய்முறைத் தாளை அப்படியே எடுத்துக் குதிரைக்குப் பயன்படுத்துவது தவறு. அணுக்களைப் பிரிக்கும் கட்டத்தில் குதிரை இரத்தம் மனித இரத்தத்தைவிட மிகவும் எளிதாக நடந்துகொள்கிறது. படமெடுக்கும் கட்டத்தில் குதிரையின் உடற்பருமன் மனித உடலைவிடப் பன்மடங்கு தொல்லை தருகிறது. அணுக்களைத் துன்புறுத்தாமல் கையாள வேண்டும் என்பது மட்டுமே இரண்டுக்கும் பொது. நியூட்ரோபில் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளாத அணு. சோதனைக் குழாயிலேயே அது தூண்டப்பட்டுவிட்டால், உடலுக்குள் சென்றபின் சீழைத் தேடாமல் நுரையீரலின் நுண்குழாய்களிலேயே தங்கிவிடும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது.

தொடங்கும் முன்

கதிரியக்கப் பொருளைக் கையாள நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம், பொறுப்பான கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர், ஈயக் கவசமிட்ட வேலை மேடை, கதிரியக்க அளவை அளக்கும் டோஸ் கேலிபரேட்டர், கிருமியற்ற காற்றோட்டம் உள்ள இரண்டாம் வகுப்புப் பாதுகாப்புப் பெட்டி ஆகியவை இல்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது. அணுக்களை மீண்டும் சிரையில் செலுத்தப்போகிறோம் என்பதால், கதிரியக்கப் பாதுகாப்பைப் போலவே கிருமியின்மையும் முக்கியம்.

குதிரையின் முந்தைய நாள் இரத்த எண்ணிக்கையைப் பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு ஒரு மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ 5,500 முதல் 12,000 வரை வெள்ளணுக்கள் இருப்பது இயல்பு. இது 2,000-க்குக் கீழே இறங்கியிருந்தால் அடையாளமிடுதல் பெரும்பாலும் சரிவராது. கணக்கு எளிது: மைக்ரோலிட்டருக்கு 8,000 என்றால், 100 மி.லி. இரத்தத்தில் 80 கோடி வெள்ளணுக்கள் உள்ளன. பிரித்தெடுக்கையில் பாதி கைக்கு வந்தாலும் 40 கோடி கிடைக்கும். 20 கோடி இருந்தாலே வேலை நடக்கும். 500 கிலோ குதிரையின் உடலில் ஏறத்தாழ 40 லிட்டர் இரத்தம் இருப்பதால் 100 மி.லி. எடுப்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. எண்ணிக்கை குறைந்த குதிரையிடம் கூடுதலாக எடுக்கலாம் என்ற வசதியும் உண்டு.

படி 1: இரத்தம் எடுத்தல்

குதிரையை அதன் லாயத்திலேயே, பழகிய ஆள் பிடித்திருக்க, அமைதியாக இருக்கும்போது இரத்தம் எடுக்க வேண்டும். இது வெறும் கருணைக்காகச் சொல்வதல்ல. குதிரை மிரண்டால் மண்ணீரல் சுருங்கி, அங்கே சேமித்துவைத்திருந்த சிவப்பணுக்களை இரத்த ஓட்டத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்களின் அடர்த்தி கூடினால் அவை கீழே படியும் வேகம் குறையும். அடுத்த படி முழுவதும் இழுபறியாகிவிடும்.

உறைவெதிர்ப்பியாக ஏசிடி எனப்படும் அமில சிட்ரேட் டெக்ஸ்ட்ரோஸ் கரைசலைப் பயன்படுத்துங்கள். 60 மி.லி. சிரிஞ்சுகள் இரண்டில் தலா 9 மி.லி. ஏசிடியை முன்கூட்டியே எடுத்துவைத்து, கழுத்துச் சிரையிலிருந்து தலா 50 மி.லி. அளவு இரத்தத்தை மெதுவாக இழுக்க வேண்டும். ஊசி தடிமனாக இருக்கட்டும். 18 கேஜுக்கு மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் அணுக்கள் உரசிச் சேதமடையும். ஹெப்பாரின் இங்கே வேண்டாம். அது நியூட்ரோபில்களைப் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டவைக்கும். குதிரைச் சிவப்பணுக்களைத் திரளவைக்கும் தன்மையும் அதற்கு உண்டு. எடுத்த உடனே சிரிஞ்சைக் குலுக்காமல், இரண்டு மூன்று முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

சிரிஞ்சின் மேல் குதிரையின் பெயரும் அடையாள எண்ணும் அங்கேயே, அப்போதே எழுதப்பட வேண்டும். ஒரே நாளில் இரண்டு குதிரைகளின் இரத்தம் ஆய்வகத்துக்கு வருவது தவிர்க்கப்பட வேண்டியது. ஒரு குதிரையின் அணுக்கள் மற்றொன்றுக்குச் சென்றால் அது பொருந்தா இரத்தம் ஏற்றியதற்குச் சமம்.

படி 2: சிவப்பணுக்களைப் படியவைத்தல்

மனித இரத்தத்தில் இந்தக் கட்டத்தில் ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் போன்ற படிவுத் துணைக்கரைசல் சேர்த்து, முக்கால் மணி, ஒரு மணி என்று காத்திருப்பது வழக்கம். குதிரை இரத்தத்துக்கு அது தேவையே இல்லை. குதிரையின் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அந்த அடுக்குகள் கனமாகி விரைந்து கீழே இறங்கிவிடும். சிரிஞ்சை ஊசிமுனை மேலே இருக்கும்படி, சற்றுச் சாய்வாக நிறுத்திவைத்தால், சில நிமிடங்களிலேயே மேலே தெளிவான பட்டை தோன்றும். 20 முதல் 30 நிமிடங்களில் மேற்பாதி முழுவதும் மஞ்சளாகத் தெளிந்துவிடும். உடலில் அழற்சி இருந்து ஃபைப்ரினோஜன் உயர்ந்த குதிரைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். நாம் தேடும் நோயே இங்கே நமக்கு உதவுகிறது.

அந்த மஞ்சளைக் கண்டு புதியவர்கள் திடுக்கிடுவதுண்டு. குதிரையின் பிளாஸ்மா இயல்பாகவே ஆழ்ந்த மஞ்சள். அது காமாலையின் அறிகுறி அல்ல. ஆனால் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். அப்போது அந்த இரத்தத்தைக் கைவிட்டுப் புதிதாக எடுப்பதே சரி.

வேகமாகப் படிவதில் ஒரு சிறு இழப்பும் உண்டு. கீழே சரியும் சிவப்பணுக்கள் சில வெள்ளணுக்களையும் கூடவே இழுத்துச் சென்றுவிடும். அதற்காக அளவுக்கு மீறிக் காத்திருந்தால், வெள்ளணுக்களும் தாமாகப் படியத் தொடங்கும். எல்லைக்கோடு தெளிந்து, இறங்கும் வேகம் தணிந்ததும், சிரிஞ்சின் முனையில் பட்டாம்பூச்சிக் குழாயைப் பொருத்தி, உந்தியை மெல்ல அழுத்தி, மேலுள்ள பிளாஸ்மாவைக் கிருமியற்ற கூம்பு வடிவக் குழாய்களுக்கு மாற்றுங்கள். சிவப்பு எல்லைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நிறுத்திவிட வேண்டும். கடைசித் துளி வரை வாங்கிவிடும் ஆசைதான் இந்தப் படியைப் பெரும்பாலும் கெடுக்கிறது.

படி 3: மையவிலக்கியில் பிரித்தல்

மாற்றிய பிளாஸ்மாவை ஈர்ப்புவிசையின் 150 மடங்கு விசையில் 5 நிமிடம் சுழற்றுங்கள். உங்கள் மையவிலக்கி நிமிடச் சுற்றுகளை மட்டும் காட்டினால் அதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்: சுழல் ஆரம் 16 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 915 சுற்று. இந்த மென்மையான சுழற்சியில் வெள்ளணுக்கள் அடியில் படியும். தட்டணுக்கள் பெரும்பாலும் மேலே மிதந்துகொண்டிருக்கும். தட்டணுக்களும் எச்எம்பிஏஓவை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அவற்றை இங்கேயே விலக்குவது அவசியம். பிரேக் போட்டுச் சுழற்சியை நிறுத்தாமல், தானாக நிற்க விடுங்கள்.

மேலுள்ள பிளாஸ்மாவைக் கொட்டிவிடாதீர்கள். அதை வேறு குழாய்க்கு மாற்றி, 2,000 மடங்கு விசையில் 10 நிமிடம் சுழற்றினால், தட்டணுக்களும் நீங்கிய அணுவற்ற பிளாஸ்மா கிடைக்கும். அதே ஆரத்துக்கு இது ஏறத்தாழ 3,340 சுற்று. அடுத்து வரும் எல்லாக் கட்டங்களிலும் அணுக்களைக் கழுவவும் மிதக்கவைக்கவும் இதுவே ஊடகம். உப்புக்கரைசலில் நெடுநேரம் விடப்பட்ட நியூட்ரோபில் தூண்டப்பட்டுவிடும். தன் சொந்தப் பிளாஸ்மாவில் இருக்கும்வரை அமைதியாக இருக்கும்.

படிந்த வெள்ளணுக்களைச் சிரிஞ்சால் அடித்துக் கலக்காமல், குழாயின் அடியை விரலால் மெல்லத் தட்டித் தளர்த்தி, 1 மி.லி. அணுவற்ற பிளாஸ்மாவில் மிதக்கவிடுங்கள். படிவு சற்றுச் சிவப்பாக இருப்பது இயல்பு. அடர் சிவப்பாக இருந்தால் படி 2-இல் எல்லைக்கு மிக அருகே சென்றிருக்கிறீர்கள். சிவப்பணுக்களை உடைத்து நீக்க நீர்த்த கரைசல் சேர்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வெள்ளணுக்களுக்கு அது தரும் அதிர்ச்சியை எண்ணும்போது, சிறிது சிவப்பை ஏற்றுக்கொண்டு மேலே செல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

படி 4: எச்எம்பிஏஓ தயாரித்தல்

இதை முன்கூட்டியே செய்துவைக்கக் கூடாது. அணுக்கள் தயாரான பின்பே செய்ய வேண்டும். எச்எம்பிஏஓ டெக்னீசியத்துடன் சேரும்போது உருவாவது கொழுப்பில் கரையும் சேர்மம். அது அணுச்சவ்வைக் கடந்து உள்ளே சென்று, அங்கே நீரில் கரையும் வடிவமாக மாறி, வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறது. இந்த மாற்றம் குப்பிக்குள்ளேயே நிகழத் தொடங்கிவிடுவதால், கலந்த 30 நிமிடங்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். மெத்திலீன் நீலம் சேர்த்து நிலைப்படுத்தும் முறை மூளை ஸ்கேனுக்கு உரியது. வெள்ளணுக்களுக்கு அது கூடாது.

சிறிது உப்பைத் தவிர, கிட்டுக் குப்பியில் இருப்பது 0.5 மி.கி. எக்சாமெட்டசீமும் (எச்எம்பிஏஓவின் மருந்துப் பெயர்) 7.6 மைக்ரோகிராம் ஸ்டேனஸ் குளோரைடு என்ற தகரச் சேர்மமும் மட்டுமே. டெக்னீசியத்தை எச்எம்பிஏஓவுடன் சேரும் நிலைக்கு வேதியியல் முறையில் ஒடுக்கும் பொறுப்பு இவ்வளவு சிறிய அளவு தகரத்தின் தலையில் இருப்பதால், காற்று உள்ளே புகுந்தாலும் பழைய டெக்னீசியக் கரைசலைப் பயன்படுத்தினாலும் தயாரிப்பு தோற்றுவிடும். கடந்த 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை வடிக்கப்பட்ட ஜெனரேட்டரிலிருந்து (டெக்னீசியத்தை வடித்தெடுக்கும் கருவி), இப்போது வடித்து 2 மணி நேரம் ஆகாத கரைசலை மட்டும் எடுங்கள். ஏறத்தாழ 1 கிகாபெக்கரெல் (பெக்கரெல் என்பது கதிரியக்க அலகு; 1 கிகா = 1,000 மெகா) அளவு டெக்னீசியத்தை 4 முதல் 5 மி.லி. கன அளவில் குப்பிக்குள் செலுத்தி, அதே அளவு வாயுவை வெளியே இழுத்துவிட்டு, 10 நொடி மெல்லச் சுழற்றுங்கள்.

தூய்மைச் சோதனைக்குச் சில துளிகள் போதும். சிலிக்கா ஜெல் பூசிய பட்டை ஒன்றை மெத்தில் எத்தில் கீட்டோனிலும் மற்றொன்றை 0.9% உப்புக்கரைசலிலும் ஏற்ற வேண்டும். முதல் பட்டையின் தொடக்கப் புள்ளியில் தங்குவது பயனற்ற இரண்டாம் நிலைச் சேர்மமும் ஒடுங்கிய டெக்னீசியமும். இரண்டாம் பட்டையின் முன்முனைக்கு ஏறுவது எச்எம்பிஏஓவுடன் பிணையாத டெக்னீசியமான பெர்டெக்னிடேட். இவ்விரண்டின் விழுக்காட்டையும் கூட்டி 100-இலிருந்து கழித்தால் கிடைப்பது பயனுள்ள பங்கு. அது 80%-க்குக் குறைந்தால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. கிட்டின் விலையை நினைத்துத் தயங்கினால், அதைவிட விலையுயர்ந்த ஒரு நாள் வேலை வீணாகும்.

படி 5: அடையாளமிடுதல்

1 மி.லி. பிளாஸ்மாவில் மிதக்கும் வெள்ளணுக்களுடன் தயாரித்த எச்எம்பிஏஓவை மெதுவாகச் சேர்த்து, அறை வெப்பநிலையில் 10 நிமிடம் விடுங்கள். இடையில் ஓரிரு முறை குழாயை மெல்லச் சுழற்றினால் அணுக்கள் அடியில் தேங்காது. பின்னர் 10 மி.லி. அணுவற்ற பிளாஸ்மா சேர்த்து, 150 மடங்கு விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல்திரவத்தைத் தனிக் குழாய்க்கு முழுவதுமாக மாற்றுங்கள்.

இப்போது இரண்டு குழாய்களையும் டோஸ் கேலிபரேட்டரில் அளக்க வேண்டும். அணுக்களில் 480 மெகாபெக்கரெல், மேல்திரவத்தில் 320 மெகாபெக்கரெல் என்றால், மொத்தம் 800-இல் 480, அதாவது பிணைப்புத் திறன் 60%. 50 முதல் 80% வரை கிடைத்தால் நல்லது. 40%-க்கும் கீழே சென்றால், அணுக்கள் குறைவாக இருந்தனவா, எச்எம்பிஏஓ பழையதா என்று முந்தைய இரண்டு படிகளின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எலும்பு ஸ்கேனுக்கு 500 கிலோ குதிரைக்கு 5 கிகாபெக்கரெல் வரை செலுத்துவது வழக்கம். வெள்ளணு ஸ்கேனில் கைக்கு வருவது அதில் சிறு பங்குதான். கூடுதல் அளவு வேண்டுமானால் ஒரே அணுத்தொகுதிக்குள் கதிரியக்கத்தைத் திணிக்காமல், இரண்டாவது இரத்தத் தொகுதியைத் தனிக் கிட்டால் அடையாளமிடுங்கள்.

அணுக்களை 5 முதல் 10 மி.லி. அணுவற்ற பிளாஸ்மாவில் மிதக்கவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குழாயைச் சாய்க்கும்போது அவை புகைபோல் சீராகச் சுழன்றால் நலம். மணல்போல் திட்டுத்திட்டாக ஓடினால் அணுக்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அவற்றைச் செலுத்தக் கூடாது. ஒரு துளியில் டிரைபான் நீலம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், நீலம் ஏறிய இறந்த அணுக்கள் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

படி 6: மீண்டும் செலுத்துதல்

இரத்தம் எடுத்ததிலிருந்து இந்தக் கட்டம் வரை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இரத்தம் எடுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கழுத்துச் சிரையில், டங்ஸ்டன் கவசமிட்ட சிரிஞ்சால், தடித்த ஊசி அல்லது வடிகுழாய் வழியே மெதுவாகச் செலுத்துங்கள். பெயரையும் எண்ணையும் இரண்டு பேர் உரக்கப் படித்துச் சரிபார்த்த பின்பே ஊசி உள்ளே செல்ல வேண்டும். ஒரு துளி சிரைக்கு வெளியே கசிந்தாலும் கழுத்தில் பொய்யான ஒளிப்புள்ளி தோன்றும் என்பதால், செலுத்திய இடத்தைப் பதிவேட்டில் குறிப்பிட மறக்காதீர்கள்.

படி 7: படமெடுத்தல்

குறைந்த ஆற்றலுக்குரிய காலிமேட்டர் (நேராக வரும் கதிரை மட்டும் உள்ளே விடும் துளைத்தட்டு) பொருத்திய பெரிய கேமராவை 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு அமைத்துக்கொள்ளுங்கள். மயக்கமூட்டாமல் டெட்டோமிடின் அல்லது ரோமிஃபிடினால் தணித்து நிறுத்தப்பட்ட குதிரை முன்னும் பின்னும் அசைந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ஒரே நீண்ட படமாக எடுக்காமல், இரண்டு நொடித் துண்டுகளாகத் தொடர்ந்து எடுத்து, பின்னர் மென்பொருளால் அசைவைச் சரிசெய்து ஒன்றுசேர்க்க வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பதால் ஒவ்வொரு கோணத்துக்கும் 2 முதல் 3 நிமிடம் வரை ஒதுக்குங்கள்.

முதல் சுற்று செலுத்திய ஒரு மணி நேரத்தில். அடுத்தது 4 மணி நேரத்தில். கடைசியாக மறுநாள் காலை, 20 மணி நேரம் அளவில். மறுநாள் காலைக்குள் கதிரியக்கம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும் என்பதால் அப்போது நேரத்தை இரட்டிப்பாக்க நேரும்.

படத்தைப் படித்தல்

முதலில் பார்க்க வேண்டியது நுரையீரலை. செலுத்திய உடனே அணுக்கள் நுரையீரலில் தங்கிச் செல்வது இயல்பு. ஒரு மணி நேரத்தில் அது தெளியத் தொடங்கி, 4 மணி நேரத்தில் மண்ணீரலும் கல்லீரலும் எலும்பு மஜ்ஜையும் மேலோங்க வேண்டும். 4 மணி நேரத்திலும் இரண்டு நுரையீரல்களும் ஒரே சீராகப் பளிச்சென்று இருந்தால், நுரையீரல் நோய் என்று எழுதும் முன், ஆய்வகத்தில் அணுக்கள் தூண்டப்பட்டனவா என்று சந்தேகிக்க வேண்டும். மண்ணீரலைவிடக் கல்லீரல் மிகையாக ஒளிர்ந்தாலும் அதே ஐயம் எழ வேண்டும். நுரையீரலில் ஓரிடத்தில் மட்டும் குவிந்திருப்பது வேறு. அது சீழ்க்கட்டியாக இருக்கலாம்.

சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் ஒளிர்வது இயல்பே. குடலில்தான் குழப்பம். எச்எம்பிஏஓவின் சிதைவுப் பொருள்கள் பித்தம் வழியாகக் குடலுக்குள் இறங்கும். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது என்பதால் அந்த வடிகால் இடைவிடாமல் நடக்கும். எனவே குடலின் முந்தைய படத்துடன் ஒப்பிடாமல் பிந்தைய படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. குடல் உள்ளீட்டில் இருக்கும் கதிரியக்கம் படத்துக்குப் படம் நகரும். அழற்சியுற்ற குடற்சுவரில் இருப்பது அதே இடத்தில் நிற்கும். ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலிநிவாரணிகளால் வரும் வலப்புற மேற்பெருங்குடல் அழற்சியைத் தேடும்போது, வலப்பக்க விலா வளைவின் உட்புறத்தில் மறுநாள் காலையிலும் நிலைத்து நிற்கும் வளைந்த பட்டையைக் கவனியுங்கள்.

இம்முறையின் பெரிய எல்லை ஆழம். 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர் மென்திசுவில் ஒவ்வொரு 4.6 செ.மீ.க்கும் பாதியாகக் குறையும். 23 செ.மீ. ஆழத்திலுள்ள சீழ்க்கட்டியிலிருந்து புறப்படும் கதிரில் 32-இல் ஒரு பங்குதான் தோலை எட்டுகிறது. ஆகவே தாடை, பல் வேர், மூட்டு, கால் எலும்பு, மார்புச் சுவர், இடவலப் பக்க வயிற்றுச் சுவரை ஒட்டிய குடற்பகுதி ஆகியவற்றில் இம்முறை கைகொடுக்கும். வயிற்றின் நட்டநடுவில் உள்ள குடற்பிணைப்புக் கட்டியைத் தவறவிட வாய்ப்பு மிகுதி. படத்தில் எதுவும் தெரியவில்லை என்பதை எதுவும் இல்லை என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. நெடுங்காலமாகத் தடித்த சுவரால் சூழப்பட்ட கட்டிக்குள்ளும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பல வாரம் பெற்ற குதிரையிலும் புதிய நியூட்ரோபில்கள் குறைவாகவே செல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்தில், அண்மையில் போட்ட ஊசி, வடிகுழாய், அறுவைக் காயம் ஆகியவை எல்லாம் ஒளிரும். படமெடுக்கும் முன் குதிரையின் உடல் முழுவதையும் கையால் தடவிப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

படமெடுத்த பின்

குதிரையை எச்சரிக்கைப் பலகை மாட்டிய தனி லாயத்தில் வைத்து, தேவையான நேரத்துக்கு மட்டும் ஆள்கள் உள்ளே செல்ல வேண்டும். கருவுற்றவர்களும் சிறுவர்களும் செல்லவே கூடாது. சிறுநீர்தான் முக்கிய மாசு என்பதால் உறிஞ்சும் படுக்கை தடிமனாக இருக்கட்டும். கையுறையும் ரப்பர் காலணியும் இன்றி உள்ளே நுழைய வேண்டாம். 24 மணி நேரத்தில் டெக்னீசியம் 16-இல் ஒரு பங்காகவும், 60 மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழேயும் குறைந்துவிடும். ஆயினும் நாள்காட்டியை நம்பி லாயத்தைத் திறந்துவிடக் கூடாது. குதிரையின் தோளருகே, வயிற்றருகே, படுக்கையின் ஈரமான மூலையில் என மூன்று இடங்களிலும் அளவீட்டுக் கருவியால் அளந்து, உரிமத்தில் குறித்த வரம்புக்குள் இருப்பதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பின்பே குதிரையை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்; படுக்கை வைக்கோல் வரம்புக்குள் வரும்வரை தனியே பூட்டிய இடத்தில் கிடக்கட்டும்.